வரப்போரம் கேள்வி–பதில்: புகையானுக்கு என்ன அடிக்கலாம்?

சர்க்கரை ஆலை ஒன்றில், பயிர்ப்பூச்சிகளை அழிக்கும் குளவிகளை வளர்க்கிற ஒட்டுண்ணிக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மன்னார்குடி பக்கம் நெல்லும் உளுந்தும் கொல்லையில் காய்கறியும் வைத்திருக்கும் நம் அக்கா, இந்த மாதமும் வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, மூன்று ஏக்கர் சம்பா போட்டிருக்கிறேன். இரசாயனத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பக்கத்து வயலில் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் புகையான் வட்டம் வட்டமாகக் காய்ச்சிவிட்டது. "அடுத்து நம்ம வயல்தான்" என்று வீட்டில் ஒரே திட்டு. என்ன அடிக்கலாம்?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

தம்பி, இரண்டு பக்கக் கடிதத்தில் பக்கத்து வயலைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயலில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. இறங்கிப் பார்த்தீர்களா?

புகையான் மேலே இலையில் உட்காருகிற பூச்சி இல்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரோடு ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். மஞ்சள் வட்டம் கண்ணில் படுகிற நாளில் கீழே அதன் குடும்பம் பெருகி முடிந்திருக்கும். அதனால் காலையில் நடுவயலுக்குப் போய், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து குத்து (ஓர் இடத்தில் நட்டு வளர்ந்த பயிர்க்கொத்து) பாருங்கள். குத்தை ஒரு பக்கம் சாய்த்து உள்ளங்கையால் தட்டினால் எல்லாம் தண்ணீரில் விழும். பழுப்பாக, பொடியாக, விழுந்ததும் தத்தித் திரும்பவும் தூரில் ஏறப் பார்ப்பது புகையான். தண்ணீர் மேலேயே விறுவிறுவென்று ஓடுவது ஓநாய்ச் சிலந்தி. இது வலை கட்டிக் காத்திருக்காது, ஓடிப் பிடித்துத் தின்னும். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து வரை முடித்துவிடும். இன்னொரு ஆளும் விழுவார்: மெலிந்த பச்சை உடம்பு, தலைப்பக்கம் கறுப்பு, ஓர் இடத்தில் நிற்கமாட்டார். மிரிட் நாவாய்ப்பூச்சி. இவரைப் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து மருந்து வாங்க ஓடினவர்களை எனக்குத் தெரியும். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. கைத்தெளிப்பான் மருந்து அங்கே போய்ச் சேராது. நாவாய்ப்பூச்சியின் ஊசி வாய் போய்ச் சேர்ந்து முட்டையை உறிஞ்சிவிடும்.

இப்போது கணக்கு. சிலந்தி கண்ணிலேயே படவில்லையா? தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறதா? தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதாவது பத்து தூர் கட்டிய குத்தில் இருபது வரை இருந்தாலும் தூக்கம் கெட வேண்டாம். இது வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்கிற அளவுதான், நம் இயற்கை விவசாயக் கூட்டத்தில் பேசிக்கொண்டது இல்லை. வீட்டில் திட்டுகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

பக்கத்து வயல் ஏன் அப்படி ஆனது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. மருந்து சிலந்தியைக் கொன்றது, நாவாய்ப்பூச்சியைக் கொன்றது, மேலே இருந்த புகையானையும் கொன்றது. உறைக்குள் இருந்த முட்டை தப்பியது. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரித்து வெளியே வந்தால் வயலில் கேட்க நாதி இல்லை. காவல்காரனை ஊருக்கு அனுப்பிவிட்டுத் திருடன் வந்தான் என்று அழுத கதை. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் இதில் ரொம்ப மோசம். அடித்த பிறகு புகையான் கூடுகிறது என்றே சிபாரிசுக் கையேடுகளில் நெல்லுக்கு அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இந்தோனேசியாவில் ஒரு நாடே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மானிய விலையில் மருந்தைக் கொட்டிக் கொடுத்தார்கள், புகையானும் கூடவே வளர்ந்தது. கடைசியில் 1986-இல் அதிபர் சுகார்த்தோ, நெல்லில் 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார். மருந்து மானியத்தையும் சில ஆண்டுகளில் எடுத்துவிட்டார்கள். அதனால் அங்கே நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

உங்கள் வயலுக்கு வருகிறேன். பக்கத்து வயல் காய்ந்ததும் இறக்கை நீண்ட புகையான்கள் பறந்து வரத்தான் செய்யும், அதை மறைக்க மாட்டேன். அந்தப் பக்கத்து வரப்பை ஒட்டிய பத்து இருபது அடியை நாள்தோறும் பாருங்கள். கணக்கு எல்லையைத் தொட்டால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. மூன்று நான்கு நாள் நிலம் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்க வேண்டாம். அடுத்து, அடர்ந்த பயிரை இருபக்கமும் ஒதுக்கிப் பட்டம் பிரித்து விடுங்கள். வெயிலும் காற்றும் தூரில் பட்டாலே புகையானுக்கு இருப்புக்கொள்ளாது. அதற்கும் மேலே போனால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், சாயங்காலத்தில், தெளிப்பான் முனையைக் கீழே இறக்கித் தூரில் படும்படி. இலைக்கு மேலே பன்னீர் தெளிப்பதால் புகையானுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்த பருவத்தில் நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி விட்டு நடுங்கள். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். தட்டைப்பயறில் அசுவினி வருமே என்பார்கள். வரட்டும். அந்த அசுவினி நெல்லுக்கு வராது, அதைத் தின்ன வருகிற பொறிவண்டு நெல்லுக்கும் போகும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: கோழி எரு எவ்வளவு போட்டீர்கள்? தழைச்சத்து யூரியா மூட்டையிலிருந்து வந்தாலும் கோழிப்பண்ணையிலிருந்து வந்தாலும் புகையானுக்கு ஒன்றுதான். கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிற பயிரைத்தான் அது தேடி வரும்.

பொறிவண்டு நன்மை செய்யும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் கத்திரியில் அதே பொறிவண்டு இலையைச் சல்லடையாக்குகிறது. படம் இணைத்துள்ளேன். யாரை நம்புவது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

படத்தைப் பார்த்தேன் அம்மா. அது சைவம்.

கூட்டங்களில் சைவப் பூச்சி, அசைவப் பூச்சி என்று பிரித்துச் சொல்வார்கள் அல்லவா? பொறிவண்டுக் குடும்பத்தில் இரண்டும் உண்டு. உங்கள் கத்திரியில் இருப்பது எபிலாக்னா. முதுகில் மினுமினுப்பு இருக்காது. உற்றுப் பார்த்தால் மெல்லிய ரோமம் மூடி மங்கலாக இருக்கும், புள்ளிகள் நிறைய. அசுவினி தின்கிற நல்ல வண்டு எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கும். புழுவில் வித்தியாசம் இன்னும் தெளிவு. எபிலாக்னா புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைத்த முள், இலையின் பச்சையைச் சுரண்டிக்கொண்டு மந்தமாக ஒரே இடத்தில் கிடக்கும். நல்ல பொறிவண்டின் புழு கறுப்பில் ஆரஞ்சுத் திட்டு, நீளமான கால், ஓட்டமான ஓட்டம். முட்டை மட்டும் இரண்டும் மஞ்சளாகக் கொத்தாக வைக்கும், அதனால் முட்டையைப் பார்த்து அவசரப்படாதீர்கள். அதே இலையில் அசுவினி இருந்தால் நல்லவர் வைத்தது என்று விட்டுவிடலாம்.

காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது செடியை உலுக்கி, சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் விழச்செய்யுங்கள். புழுவோடு இருக்கிற இலையைக் கிள்ளுங்கள். கிள்ளும்போது பழுப்பாகிக் காய்ந்து விறைத்த புழு கிடந்தால் அதை விட்டுவிடுங்கள். அதற்குள் ஒரு சின்னக் குளவியின் பிள்ளைகள் வளர்கின்றன. வீட்டுக் கொல்லை அளவுக்கு இதுவே போதும், எந்தக் கரைசலும் வேண்டாம்.

இதே குழப்பம் மாவுப்பூச்சியிலும் வரும் என்பதால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோலேமஸ் என்று ஒரு பொறிவண்டு உண்டு. 1898-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலோடு மாவுப்பூச்சிக் கும்பலுக்கு நடுவிலேயே மேயும். "பெரிய மாவுப்பூச்சி வந்துவிட்டது" என்று அதைத் தேடித் தேடி நசுக்குகிறார்கள். மாவுப்பூச்சி ஓடாது. ஓடினால் நசுக்காதீர்கள்.

குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கிக் கட்டினேன். நான்கு நாள் பார்த்தும் எதுவும் பறக்கவில்லை. குருத்தும் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. இது ஏமாற்று வேலையா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். இந்த அட்டையில் ஒட்டித்தான் என் வேலைக்காலம் போனது.

முதலில் அட்டையில் இருப்பது என்ன என்று சொல்கிறேன். கம்பை உடைத்து, கொஞ்சம் நிலக்கடலைப் பொடியும் ஈஸ்டும் கலந்து பேசினில் போட்டு, அதில் நெல் அந்துப்பூச்சியை வளர்ப்போம். அந்துவைப் பிடிக்கும்போது அதன் செதில் தூசி பறக்கும். மூக்கிலும் வாயிலும் துணி கட்டாமல் உள்ளே போனால் அன்றைக்கு முழுக்க இருமல். அது இடுகிற முட்டையைச் சலித்து, புற ஊதா விளக்கில் காட்டி உயிர் போக்கி, பசை தடவிய அட்டையில் தூவுவோம். பிறகு டிரைக்கோகிரம்மா குளவியோடு அடைத்து வைத்தால், குளவி ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையை வைத்துவிடும். நாலாம் நாள் அந்த முட்டைகள் கறுத்துவிடும். ஏழு எட்டு நாளில் குளவி வெளியே வரும். ஒரு சிசி (ஒரு கன சென்டிமீட்டர் முட்டை) அட்டையில் 18,000 முதல் 20,000 முட்டை.

அந்தக் குளவி அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வயலில் நின்றுகொண்டு அது பறப்பதைப் பார்க்க முடியாது. நம்பிக்கை இல்லையென்றால் அட்டையில் நகக்கண் அளவு வெட்டி, ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வீட்டு நிழலில் வையுங்கள். புட்டிக்குள் வெளிச்சப் பக்கமாகப் பொடிப்பொடியாக ஊர்ந்தால் அட்டை நல்ல அட்டை. முட்டையில் ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும். வாங்கும்போதே பாருங்கள்: சாம்பல் கலந்த கறுப்பாக இருக்க வேண்டும், பாதிக்கு மேல் வெளுப்பாக இருந்தால் குளவி ஏறவில்லை, திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் குளவிகள் கடையிலேயே போய்விட்டன.

இனி உங்கள் குருத்து. இந்தக் குளவி முட்டைக்குத்தான் எமன், புழுவை ஒன்றும் செய்யாது. உங்கள் பயிரில் குருத்து காய்கிறது என்றால் புழு தண்டுக்குள் போய் நாளாகிவிட்டது. அட்டை கட்டுகிற நேரம் அது அல்ல. வீட்டு விளக்கில், வயல் பயிரின் நுனியில் மஞ்சள் நிறத் தாய்ப்பூச்சி தென்படும்போது கட்ட வேண்டும். நாற்று நட்ட 30-ஆம் நாளும் 37-ஆம் நாளும் டிரைக்கோகிரம்மாவில் ஜப்பானிகம் வகை, குருத்துப்பூச்சிக்கு. 37, 44, 51-ஆம் நாட்களில் கைலோனிஸ் வகை, இலைச்சுருட்டுப் புழுவுக்கு. ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 2 சிசி. அட்டையைத் துண்டு துண்டாக்கி வயல் முழுக்கப் பரப்பி, இலையின் அடிப்பக்கம் நிழலில் இணைக்க வேண்டும். காலையிலோ சாயங்காலமோ கட்டுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். எறும்பு ஏறுகிற வரப்போரச் செடியில் கட்டினால் அது எறும்புக்குப் பலகாரம். கட்டிய வாரத்தில் வேறு எந்தத் தெளிப்பும் கூடாது, வேப்பெண்ணெய் உட்பட.

கரும்புக்காரர்களுக்கு ஒரு வரி: இடைக்கணுப் புழுவுக்கு நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஏக்கருக்கு ஒரு சிசி கைலோனிஸ், ஆறு முறை. ஒரு முறை கட்டிவிட்டுப் பலன் கேட்டு எழுதாதீர்கள்.

இப்போதைக்குக் காய்ந்த குருத்தைப் பிடுங்கி அழியுங்கள். வயலில் ஆங்காங்கே பறவை உட்கார ஏக்கருக்கு இருபது குச்சி நடுங்கள். கரிச்சான் தாய்ப்பூச்சியைப் பறக்கும்போதே பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளை எடுத்துவிடுங்கள், பிறகு வருகிற பறவைகள் நெல்லுக்காக வரும்.

கும்பிடு பூச்சி முட்டைக்கூடு விலைக்குக் கிடைக்குமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

கிடைத்தாலும் வாங்காதீர்கள். பெருமாள் பூச்சி என்றும் சொல்கிற அந்தக் கும்பிடு பூச்சிக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. தேனீயையும் தின்னும், பொறிவண்டையும் தின்னும், கூடப் பிறந்ததையும் தின்னும். தானாக வந்தது வயலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வாரம் தவறாமல் பத்திலைக் கஷாயமும் அக்னி அஸ்திரமும் மாற்றி மாற்றித் தெளிக்கிறேன். ஆனாலும் வெண்டையில் வெள்ளை ஈ குறையவில்லை. அளவைக் கூட்டலாமா?
– பட்டதாரி இளைஞர், கரூர் மாவட்டம்

குறையுங்கள் தம்பி.

ஆடு மாடு மேயாத இலை, வீட்டில் காய்ச்சியது, கோமியம் சேர்த்தது என்பதெல்லாம் சரி. அக்னி அஸ்திரத்தில் புகையிலை இருக்கிறது, பச்சை மிளகாயும் பூண்டும் இருக்கிறது. புகையிலையின் நிகோடின் சரியான விஷம். வெள்ளை ஈயின் குஞ்சு இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு தப்பிவிடும். அதைத் தேடி இலை மேலே நடக்கிற பொடிக் குளவியும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் நேராக மாட்டும். திருவாரூர்த் தம்பியின் பக்கத்து வயலில் நடந்ததை நீங்கள் சொந்தக் கையால் காய்ச்சி நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

கிழமை பார்த்துத் தெளிப்பதை எனக்கு எப்போதும் பிடிக்காது. பூச்சி வந்ததா, எவ்வளவு, கூட யார் இருக்கிறார் என்று பார்க்காமல் செய்வது கடைக்காரர் சொல்லி அடிப்பதற்கு ஒரு படிதான் மேல். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் இருபது இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைக்கு அடியில் மெல்லிய மயிர்க்காம்பின் நுனியில் வெள்ளையாகக் கடுகு போல் முட்டை தொங்கினால் கண்ணாடி இறக்கைப் பூச்சி வந்துவிட்டது. மஞ்சள் நரம்பு விழுந்த செடியை மட்டும் அன்றன்றே பிடுங்கி அழித்துவிடுங்கள். வெண்டையில் வெள்ளை ஈ குடிக்கிற சாற்றைவிட அது பரப்புகிற நரம்புத் தேமல்தான் நட்டம்.

தெளித்தே ஆகவேண்டும் என்றால் வேப்பங்கொட்டை போதும். ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் பிழிந்து, 100 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் காதி சோப்பு கரைத்துச் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி. போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கொட்டையில் சத்து இருக்காது. மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பூச்சி வந்ததா என்று அறிய நாலைந்து கட்டுங்கள். ஏக்கருக்கு ஐம்பது கட்டித் தோட்டத்தையே மஞ்சளாக்கினால் அதில் பாதி நம் ஆட்கள் ஒட்டியிருப்பார்கள்.

மரவள்ளியில் நுனி சுருண்டு கொத்தாகி மாவுப்பூச்சி. "குளவி விடுவார்கள், தானாகச் சரியாகும்" என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

நம்பலாம் அம்மா, ஒரு தரம் கண்ணால் பார்த்ததுதான். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. மல்பெரியில் மருந்து அடித்தால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் இலை இல்லை என்று பட்டு விவசாயிகள் தவித்தார்கள். 2010-இல் பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்தார் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் என்னும் பொடிக் குளவியைத் தருவித்தார்கள். அதன் பிறகு அந்த மாவுப்பூச்சி ஒரு பிரச்சினையாக இல்லாமல் போனது.

உங்களுடையது அநேகமாக வேறு ஆள். நுனி கொத்தாகிறது என்றால் 2020-இல் கேரளத்தில் கண்டு இங்கே பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி. மெழுகைத் தேய்த்துப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு என்றால் இது, மஞ்சள் என்றால் பழைய பப்பாளிக்காரர். தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே மரவள்ளியை நம்பிய கோடிக்கணக்கானவர்களைப் பட்டினிக்கு அருகில் கொண்டுபோன பூச்சி இது. பராகுவேயில் இதன் எதிரியான அனகைரஸ் லோபெசி குளவியைக் கண்டெடுத்து 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து தருவித்து 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். அங்கேயோ உங்கள் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

கேட்பதற்கு முன் உங்கள் கொல்லையில் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் பழுப்பாக உப்பி, கெட்டியாகி, ஓரத்தில் வட்டமான ஓட்டை விழுந்தவை இருந்தால் குளவி வேலை செய்கிறது. அந்த நுனிகளை வெட்டி எரித்துவிடாதீர்கள். ஓட்டை இல்லாத, மாவு மட்டும் அப்பிய நுனிகளை ஒடித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்தலாம். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். அடுத்த நடவுக்குக் கரணையை (நடுகிற தண்டுத் துண்டை) பூச்சி இல்லாத கொல்லையிலிருந்து எடுங்கள். ஊர் விட்டு ஊர் இது கரணை மூட்டையில்தான் போகிறது.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ. ஓலை கறுத்துவிட்டது. வேரில் மருந்து கட்டச் சொல்கிறார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

கட்டாதீர்கள் ஐயா. உங்கள் ஊரில்தான் 2016-இல் இதை முதலில் கண்டார்கள். இந்த ஈயால் மரம் செத்துப்போகாது. ஓலையில் தெரியும் கறுப்பு, ஈ விடுகிற தேனில் வளர்கிற பூஞ்சாணம். மழை வந்தால் உரிந்து விழும். மழை இல்லையென்றால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாக்கித் தெளித்தால் காய்ந்து பெயரும், அல்லது விசைத் தெளிப்பானில் வெறும் தண்ணீரை அடியோலைகளின் கீழ்ப்பக்கம் பீய்ச்சி அடியுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை ஆள் உயரத்தில் ஏக்கருக்குப் பத்துக்குள் கட்டலாம்.

என்கார்சியா என்னும் குளவி இந்த ஈயின் பின்னாலேயே யாரும் அழைக்காமல் வந்து சேர்ந்தது. கைலென்சால் ஓலையின் அடியைப் பாருங்கள். ஈயின் குஞ்சுகள் வெளிறாமல் கறுத்திருந்தால் உள்ளே குளவி. அந்த ஓலைத் துண்டுகளை நறுக்கி, கறுப்பு இல்லாத மரங்களின் ஓலையில் குத்திவிடுங்கள். இடையில் வாழையோ கல்வாழையோ இருந்தால் வெட்டாதீர்கள், அந்தக் குளவி அதில் தங்கும்.

படம் அனுப்புகிறவர்களுக்கு: தயவுசெய்து இலையின் அடிப்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள். இந்த மாதம் வந்த படங்கள் எல்லாம் மேல்பக்கம்.